பாடுகிறவர் நிற்கும் இடம்

நடுவில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். நான் அந்தச் சோபாவின் இடது ஓரத்தைக் குறிவைத்துத்தான் உள்ளே நுழைந்தேன், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்த ஓரம் கண்ணில் பட்டுவிட்டது, அங்கே உட்கார்ந்தால் இவர், கடைக்காரர், பாட்டு எல்லாமே என் வலது பக்கம் வந்துவிடும், இடது பக்கம் வெறும் சுவர், சுவர் என்னை ஒன்றும் கேட்கப்போவதில்லை. ஆனால் ஸ்டான்லி என்கிற அந்தக் கடைக்காரர், "நடுவுல உக்காருங்க மேடம், நடு எடந்தான் ராஜா எடம், ரெண்டு பெட்டியும் சமமாக் கேக்கும்" என்று கையைக் காட்ட, இவரும் "உக்காரு வளரு" என்று தோளைப் பிடித்து நடுவில் இருத்திவிட்டு, தான் போய் என் இடது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். முப்பது வருஷக் குடித்தனத்தில் இந்த மனுஷன் ஒரு தடவையாவது நான் நினைத்த பக்கம் உட்கார்ந்ததுண்டா? விஷயம் இதுதான். எனக்கு இடது காது கேட்காது. கொஞ்சம்கூடக் கேட்காது. எட்டு மாதமாயிற்று. எனக்கும் ஒரு டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும், டாக்டர் இந்நேரம் மறந்திருப்பார். இவருக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. அதிலும் ஸ்பீக்கர் வாங்க வந்த இடத்தில், மூன்றாம் மனுஷர் முன்னால் தெரிந்து தொலைத்தால் அந்த அவமானத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்.

ஸ்டான்லி கதவைச் சாத்தினார். காந்திபுரத்து பஸ் ஹாரன், கீழே பழக்கடைக்காரன் கூவல், எல்லாம் அந்த நொடியோடு அறுந்துபோயின. சுவரெல்லாம் சாம்பல் நிறத் துணி ஒட்டிய அறை, தரையில் கம்பளம், சத்தத்தைக் கேட்பதற்கென்றே கட்டியது, அதனால் எனக்கு ஆகாதது. வெளியே இரைச்சலில் எல்லோரும்தான் "ஆங்?" என்கிறார்கள், நானும் அவர்களோடு ஒருத்தி, கல்யாண மண்டபத்தில் நான் பத்துத் தடவை "ஆங்?" என்றாலும் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இந்த மாதிரி அமைதியில் ஒரு "ஆங்?" போதும், மாட்டிக்கொள்வேன். முதல் ஜோடி பாட ஆரம்பித்தது. கறுப்பு, இடுப்பு உயரம், முன்னால் வலைத்துணி இல்லாமல் வட்டம் வட்டமாக மூன்று வாய். பழைய பாட்டு, ஆண் குரல், வயலின்கள். வயலின் இடது பெட்டியில் வருமாம், தபலா வலது பெட்டியில் வருமாம். போன வாரம் இவர் சாப்பாட்டு மேசையில் இரண்டு சொம்பையும் ஒரு டம்ளரையும் வைத்து எனக்குப் பாடமே நடத்தினார். சொம்புகள் ஸ்பீக்கர், டம்ளர் பாடுகிறவர், நல்ல ஸ்பீக்கர் என்றால் கண்ணை மூடினால் பாடுகிறவர் சரியாக நடுவில் வந்து நிற்பார், கையை நீட்டித் தொடலாம்போல இருக்கும் என்றார். நான் டம்ளரில் இருந்த மோரைக் குடித்துவிட்டேன். அவர் சிரித்தார். எனக்குப் பாடுகிறவர் எங்கேயும் நிற்பதில்லை. வயலினும் தபலாவும் பாடுகிறவரும் குக்கர் விசிலும் ஆட்டோ ஹாரனும் ஒரே கதவு வழியாக இடித்துக்கொண்டு உள்ளே வருகிறார்கள், யார் எங்கிருந்து வந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை காலையில் கடுகு தாளித்தேன், வெடித்த கடுகெல்லாம் வலது பக்கமே வெடித்தது, இதென்ன கூத்து என்று தலையைத் திருப்பினேன், அப்போதும் வலது பக்கமே வெடித்தது. சளி என்று நினைத்தேன். ஆவி பிடித்தேன். மூன்று வாரம் கழித்து, பிளவுஸ் தைக்கக் கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு டாக்டரிடம் போனேன். முதல் சில நாளிலேயே வந்திருந்தால் மாத்திரை கொடுத்துப் பார்த்திருக்கலாம் அம்மா என்றார், ஏன் வரவில்லை, கூட யாரும் இல்லையா என்றார். இருக்கிறார் டாக்டர். அவர் இருக்கிறார் என்றுதான் வரவில்லை.

"எப்படி இருக்குது?" இதை இவர்தான் கேட்டிருக்க வேண்டும், பாட்டு நின்றிருந்தது, முகம் என் பக்கம் திரும்பியிருந்தது. நான் உடம்போடு முழுசாகத் திரும்பி அவர் வாயைப் பார்த்தேன். கழுத்துப் பிடிப்பு என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன், தலையை மட்டும் திருப்பாமல் உடம்பையே திருப்புவதற்கு வேறென்ன காரணம் சொல்வது. பாவம், தைப் பொங்கலிலிருந்து மாசி முடிய தினமும் தைலம் தேய்த்துவிட்டார், ஒன்றுமில்லாத கழுத்துக்கு. அவர் விரல் கழுத்தில் பதியும்போதெல்லாம் சொல்லிவிடலாம் என்று தோன்றும். நாக்கு நுனிவரை வரும். அப்புறம் இவருடைய அந்தக் குரல் ஞாபகம் வரும், வாயை மூடிக்கொள்வேன். "கறுப்பு வேண்டாங்க" என்றேன். "ஹால்ல ரெண்டு கறுப்புப் பெட்டி நின்னா, வர்றவங்க என்னமோ ஏதோன்னு பயந்துக்குவாங்க." ஸ்டான்லி சிரித்தார். இவரும் சிரித்தார். எங்களுக்குள் ஒப்பந்தம் அது: சத்தம் அவர் இலாகா, அழகு என் இலாகா, மொத்தம் நாற்பதாயிரத்துக்குள். ஹால் இரண்டு பேருக்கும் பொது என்பதால் இரண்டு பேரும் சரியென்று சொல்லாமல் எதுவும் உள்ளே வராது. இருபது வருஷமாக மொட்டைமாடி அறையில் வெயிலில் வெந்துகொண்டு பாட்டுக் கேட்டவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள் "வளரு, இனிமேலாவது நான் ஹாலுக்கு வரட்டுமா?" என்று கேட்டார். வாங்க என்றேன். அழகு என் இலாகா என்று நான்தான் கெட்டிக்காரத்தனமாக அன்றைக்கே பிரித்துவிட்டேன், சத்தத்தைப் பற்றி என்னை யாரும் எதுவும் கேட்கக் கூடாது என்று. இப்போது பார்த்தால் இவர் என்னை ராஜா இடத்தில் உட்காரவைத்து எப்படி இருக்குது எப்படி இருக்குது என்கிறார்.

ஏன் சொல்லவில்லை என்பதற்குக் காரணம் அத்தை. என் மாமியார். கடைசி ஒன்பது வருஷம் அவருக்கு இரண்டு காதும் மந்தம். மகன் அவரை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார், யாரும் குறை சொல்ல முடியாது, தலை வாரிவிடுவார், நகம் வெட்டிவிடுவார், மாத்திரையைத் தேனில் குழைத்துக் கொடுப்பார். ஆனால் பேசும்போது மட்டும் இன்னொருவர் ஆகிவிடுவார். "எத்தன வாட்டி சொல்றது! காதுல என்ன மண்ணையா வெச்சிருக்கற!" கழுத்து நரம்பு புடைக்கும், முகம் கோணும். பக்கத்து வீட்டில் மிக்ஸியை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். கோபமா என்றால் கோபம் இல்லை, அடுத்த நிமிஷம் என்னிடம் திரும்பி "காப்பி இருக்குதா புள்ள" என்று சாதாரணமாகக் கேட்பார். அதுதான் எனக்குப் பயம். கோபம் என்றால் தணியும். இது பழக்கம். அத்தை ஒவ்வொரு தடவையும் திடுக்கிட்டு, பிறகு தலையாட்டுவார், ஆமா ஆமா என்று, கேட்டாலும் ஆமா, கேட்காவிட்டாலும் ஆமா. நான் மட்டும் யோக்கியமா? என் நாத்தனார் வரும்போதெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் அத்தை எதிரில் உட்கார்ந்து, சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைப்போம். மும்முரமாகப் பேசுகிற மாதிரி, கையை ஆட்டி, புருவத்தைத் தூக்கி. அத்தை எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து ஆமா ஆமா என்பார். நாங்கள் முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். ஒரு தடவை சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறி, அத்தைதான் எழுந்து வந்து தலையில் தட்டினார். இதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. வெட்கமாக இருக்கிறது. இந்த எட்டு மாதமாக யார் பேசினாலும் நானும் ஆமா ஆமா என்றுதான் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாவது ஜோடி வெள்ளை. ஆள் உயரத்துக்கு வந்துவிடும்போல, ஸ்டான்லி இரண்டு கையாலும் அணைத்து நகர்த்தினார். "இது ஹால்ல நின்னா ஒரு கெத்து சார்." இவர் எழுந்து போய் அதைத் தடவினார், முதுகுப் பக்கம் போய்க் குனிந்து பார்த்தார், விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். பம்பு கம்பெனியில் முப்பத்து நாலு வருஷம் டெஸ்டிங். ஓடுகிற மோட்டார்மேல் ஸ்க்ரூ டிரைவர் நுனியை ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்பாராம். பேரிங்கில் மயிரிழை பிசகு இருந்தாலும் தெரிந்துவிடுமாம். சாக்கட்டியால் பெருக்கல் குறி போட்டு ரிஜெக்ட். இப்படிப்பட்ட காதுக்குப் பக்கத்தில் எட்டு மாதம் மாட்டாமல் இருந்தேனே, எனக்கே யாராவது விருது கொடுக்கலாம். இல்லை, பெண்டாட்டியை யார் டெஸ்ட் செய்கிறார்கள், அதனால் தப்பித்தேன். வெள்ளைப் பெட்டி வரவே கூடாது. அழகாக இல்லை என்று இதை எப்படிச் சொல்வது, அழகாகத்தான் இருக்கிறது, பாதகத்தி மாதிரி நிற்கிறது. ஆனால் அது வந்தால் என் மூலை போய்விடும். ஹாலில் ஜன்னலோரம் என் மரநாற்காலி, அதன் இடது பக்கம் சுவர், வலது பக்கம் அவர், டிவி, வாசல், போன், உலகம். அங்கே உட்கார்ந்துவிட்டால் நான் முழு மனுஷி, ஒரு வார்த்தை தவறாது. இந்த ஆள் உயரப் பெட்டிக்குச் சுவரிலிருந்து இரண்டடி விட வேண்டும், அதற்கு இரண்டு பக்கமும் சமமாக இடம் விட வேண்டும், அவர் காகிதத்தில் முக்கோணம் போட்டுக் காட்டிவிட்டார், என் நாற்காலி இருக்கிற இடத்தில் இடது பெட்டி, நாற்காலி அவருக்கு அந்தப் பக்கம். சாப்பிட்டதும் அவர் பேசுகிற பேச்சு, எந்தக் கொய்யாக்கன்றில் பூ விட்டது, எந்தப் பழைய சிநேகிதன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான், அதெல்லாம் என் செத்த பக்கம் விழும். ஒரு நாள் பதில் சொல்லாமல் இருப்பேன். இரண்டு நாள். மூன்றாம் நாள் அந்தக் குரல் வரும். "இது வேண்டாங்க" என்றேன், நினைத்ததைவிடச் சத்தமாக. "வெள்ளையில அழுக்கு தெரியும். தெனமும் யாரு தொடைக்கறது?" இவர் பெட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நான் தொடைக்கறேன் வளரு. நான் சும்மாதான இருக்கறேன்." "கூட்டறப்ப இடிக்கும்" என்றேன். "தண்ணி ஊத்தித் தொடைக்க முடியாது" என்றேன். "வெள்ளை எனக்குப் புடிக்காது" என்றேன், கட்டியிருந்த புடவை வெள்ளையில் நீலப்பூ. ஸ்டான்லி அதைப் பார்த்தார், நாகரிகமாகக் கண்ணை எடுத்துக்கொண்டார்.

மூன்றாவது ஜோடி சின்னது. இரண்டு அரிசி டின் அளவு, மர நிறம், ஓரமெல்லாம் மழுங்கலாக, முன்னால் பழுப்புத் துணி. அலமாரிமேல் வைத்துவிடலாம், தரையைத் தொடாது, என் நாற்காலியை யாரும் அசைக்க வேண்டாம். எனக்கு உயிர் வந்தது. "இதுதான் லட்சணமா இருக்குது" என்றேன். "இது பேசாம உள்ள வந்து உக்காந்துக்கும்." இவர் உதட்டைப் பிதுக்கினார். சின்னதில் என்ன சத்தம் வரும் என்று அவருக்குச் சந்தேகம். ஸ்டான்லி பெட்டிகளுக்குப் பின்னால் போய் ஒயரைக் கழற்றி மாட்டினார், ஏதோ சொன்னார், தொகை சொல்லியிருப்பார், இவர் தலையாட்டியதால் நாற்பதுக்குள்தான் இருக்க வேண்டும். பிறகு இவர் என் பக்கம் திரும்பி, "கண்ண மூடிக் கேளு, பாத்துட்டுக் கேட்டா அழகுதான் கேக்கும்" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். நான் கண்ணை மூடினேன். மூடியதும் அறை முழுவதும் காணாமல்போனது, வலது பக்கம் ஒரு ஓட்டை, அதில் அந்தப் பழைய பாட்டு. இந்தப் பெட்டியே இருக்கட்டும். எனக்குப் பிடித்துப்போகட்டும், இவருக்கும் பிடித்துப்போகட்டும், பில் போடட்டும், ஆட்டோ பிடிக்கட்டும், ஆட்டோவில் நான் இடது பக்கம் ஏறிக்கொள்கிறேன். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. யாரும் எதுவும் பேசவில்லை. ஏன் பேசவில்லை? இல்லை, பேசி எனக்குத்தான் கேட்கவில்லையா? கண்ணைத் திறக்கலாமா? திறந்தால் வாயைப் பார்க்கத் திறந்தேன் என்று தெரிந்துவிடுமா? அப்போது இவர் குரல், பாட்டுக்கு மேலே, கொஞ்சம் உயர்ந்து வந்தது. "வளரு, பாடறவர் எங்க நிக்கறாரு?" அப்பாடா. இதற்கு எனக்குப் பதில் தெரியும். சொம்பு, டம்ளர், சொம்பு. "நடுவுலதாங்க" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "சரியா நடுவுல. கைய நீட்டித் தொட்டுடலாம் போல இருக்குது" என்று கையை வேறு நீட்டிக் காட்டினேன்.

கையை இறக்காமலே கண்ணைத் திறந்தேன். ஸ்டான்லி இடது பெட்டிக்குப் பின்னால் குனிந்திருந்தார், கையில் ஒயரின் நுனி, செம்பு பளபளவென்று தெரிந்தது. மாட்டும்போது நழுவியிருக்கிறது. இடது பெட்டி இத்தனை நேரமும் பாடவே இல்லை. ஒரு பக்கம் மட்டும் கேட்கிறதே என்று இவருக்குச் சந்தேகம் வந்து, கடைக்காரரிடம் சொல்வதற்கு முன்னால் என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். சோதனைகூட இல்லை. "சாரி சார், லூஸாயிடுச்சு" என்று ஸ்டான்லி மாட்டினார். இவர் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீட்டிய என் கையைப் பார்த்தார், இடது காதைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. "இப்ப எங்க நிக்கறாரு?" என்று கேட்டார். வாயைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நடுவுல என்று இன்னொரு தடவை சொல்லலாம், இந்தத் தடவை அது நிஜமாகவும் இருக்கும். சொல்ல வாயெடுத்தேன். அலுத்துவிட்டது. எட்டு மாதமாகக் கடுகிலிருந்து கல்யாண மண்டபம் வரைக்கும் இடம் பார்த்துப் பார்த்து உட்கார்ந்து அலுத்துவிட்டது. "தெரியலீங்க" என்றேன். "எனக்கு இந்தக் காது கேக்கறதில்ல. போன பொரட்டாசியிலிருந்து."

ஸ்டான்லி பாட்டை நிறுத்தினார். "நான் அந்தப் பில் புக்கை..." என்று ஏதோ சொல்லிக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார். இவர் என் பக்கம் நகர்ந்தார். முகம் கோணியது, கழுத்து நரம்பு புடைத்தது, வாய் ஒவ்வோர் எழுத்துக்கும் அகலமாகத் திறந்தது. "எட்டு மாசமாவா! ஏன் எங்கிட்டச் சொல்லல!"

அதே குரல். எழுத்துக்கு எழுத்து அதே குரல். அந்தத் துணிச் சுவரெல்லாம் சேர்ந்தும் அதை விழுங்க முடியவில்லை. நான் திடுக்கிட்டேன், அத்தை திடுக்கிட்ட மாதிரியே, தோள் இரண்டும் தானாகத் தூக்கிக்கொண்டன.

"கத்தாதீங்க" என்றேன். "இன்னொரு காது நல்லாத்தான் இருக்குது."

"நான் எங்க கத்துனேன்?" சத்தம் தணிந்து, குழம்பிப்போய்க் கேட்டார். "சாதாரணமாத்தான கேட்டேன்."

பொய் சொல்லவில்லை. நான் அந்த முகத்தை முப்பது வருஷமாகப் பார்க்கிறேன், அதில் பொய் இல்லை. ஒன்பது வருஷம் அப்படிக் கத்திய மனுஷனுக்கு, மோட்டாருக்குள் மயிரிழை பிசகைக் கேட்கிற காதுக்கு, அந்தக் குரல் ஒரு நாளும் கேட்டதே இல்லை. எனக்கு அழுகை வந்தது, அதைவிட வேகமாக ஆத்திரம் வந்தது. நான் அவர் முகத்துக்கு நேராகக் குனிந்தேன். வாயை அகலமாகத் திறந்தேன், முகத்தைக் கோணிக்கொண்டேன், அடிவயிற்றிலிருந்து எடுத்தேன்.

"எத்தன வாட்டி சொல்றது! காதுல என்ன மண்ணையா வெச்சிருக்கற!"

அவர் சோபாவில் பின்னால் சாய்ந்துவிட்டார். கை தானாக முகத்துக்கு முன்னால் வந்தது, அடி விழப்போகிற மாதிரி. எனக்குத் தொண்டை எரிந்தது. கதவு ஒரு விரற்கடை திறந்து மறுபடி மூடிக்கொண்டது.

"எங்கம்மாகிட்ட இப்படியா பேசுனேன்?"

"தெனமும்."

"அம்மாவுக்குக் கேக்கோணும்னுதான புள்ள..."

"கேட்டுச்சுங்க" என்றேன். "நீங்க மெதுவாச் சொன்னது ஒண்ணும் அத்தைக்குக் கேக்கல. தல வாரிவிடறப்ப சொன்னது, மாத்திர குடுக்கறப்ப சொன்னது, எதுவும் கேக்கல. இது மட்டுந்தான் கேட்டுச்சு."

அவர் தரையைப் பார்த்தபடி இருந்தார். அவர் அழுதாரா என்று எனக்குத் தெரியாது, நான் பார்க்கவில்லை, பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கதவைத் தட்டிவிட்டு ஸ்டான்லி பில் புத்தகத்தோடு உள்ளே வந்தார். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்க்காமல், பெட்டிகளையே பார்த்துக்கொண்டு, "எது சார் முடிவு பண்ணுனீங்க?" என்று கேட்டார். இவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். சத்தம் எவ்வளவு வருமோ என்று பயந்தவர்போல அப்படியே மூடிக்கொண்டார். என்னைப் பார்த்தார்.

"சின்னது" என்றேன் நான். "மரக் கலர்ல இருக்கறது. அதையே போட்டுருங்க."